இரவல் கோபம்

அத்தியாயம் ஒன்பது

காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் பம்பரத்துக்கு முதலில் தோன்றியது, 'தப்பான இடத்துக்கு வந்துட்டோமா?' என்பதுதான்.

அவளுடைய வேலை மேசையில் பலகை தெரிந்தது! வெல்வெட் துண்டுகள் இல்லை. ஸ்பிரிங் குவியல் இல்லை. பாதி குடித்து மறந்துபோன டீக் கோப்பைகள் இல்லை. எல்லாம் சுவரோரத்து அலமாரிக்குள் போய்விட்டிருந்தன. இழுப்பறைகள் சமர்த்துப் பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டிருந்தன.

வேறு யாராவது என்றால் கைகூப்பியிருப்பார்கள். பம்பரத்துக்கு அது திருடு போன வீடு மாதிரி இருந்தது. கண்ணில் படுகிற பொருள்தான் அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இருக்கிற பொருள். இழுப்பறைக்குள் போனது போனதுதான். அப்படி ஒன்று தன்னிடம் இருந்தது என்பதே அவளுக்கு மறந்துவிடும்.

"பகடை... என் பகடை எங்க?"

மேசைக்குக் கீழே பார்த்தாள். அலமாரிக்கு மேலே பார்த்தாள். பகடை இல்லை. இன்றைக்கென்று பார்த்து இல்லை!

பகடையா, என்ன பகடை என்று நீங்கள் கேட்டால், இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று அர்த்தம். வாருங்கள், உட்காருங்கள். உட்காருவதற்கு இங்கே பஞ்சமில்லை. சோபாவும் நாற்காலியும் தைத்துப் பிழைக்கிற குடும்பம் இது. கீழே பட்டறை, மேலே வீடு. முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு அப்பா நிர்வாகத்தை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அந்த அண்ணன் கண்ணாடிக் கதவு போட்ட முன்னறையில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறான். அண்ணி பின்பக்கம் திரைச்சீலை தைக்கிறாள். கடைக்குட்டி நம் பம்பரம். அவளுக்கு வேறு பெயரும் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஒரு டாக்டர் அவளிடம், "உங்களுக்கு இருக்கிறது ஏ.டி.எச்.டி." என்று சொன்னார். "'செய்யணும்'னு உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா தெரிஞ்சா மட்டும் உங்க மூளை கிளம்பாது. புதுசா இருக்கணும், விளையாட்டா இருக்கணும், போட்டி இருக்கணும். வேலையை விளையாட்டா மாத்திக்குங்க. அது சலிச்சா விளையாட்டை மாத்துங்க, உங்களைத் திட்டிக்காதீங்க."

அன்றைக்கே பம்பரம் மிச்சம் கிடந்த ஃபோமில் ஒரு பகடை வெட்டி, பக்கத்துக்கு ஒரு நிற வெல்வெட் வைத்துத் தைத்தாள். சிவப்பு விழுந்தால் பழைய உறையைப் பிரிக்க வேண்டும். பச்சை என்றால் ஸ்பிரிங் கட்ட வேண்டும். நீலம் வெட்டு, மஞ்சள் தையல், வெள்ளை ஸ்டேப்ளர். கறுப்பு விழுந்தால் உன் இஷ்டம்; ஒரு பாட்டு முடிகிறவரை ஆடலாம், ஓடலாம், கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்கலாம். எட்டு வேலையைத் தொட்டு எதையும் முடிக்காதவள், உருட்டி உருட்டி வேலையை முடிக்க ஆரம்பித்தாள்.

இத்துடன் அவளே சேர்த்துக்கொண்ட ஒரு சங்கதியும் உண்டு. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வோர் இருக்கையின் அடிப்பலகையிலும் சாக்கட்டியால் ஒரு முகம் வரைவாள். வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்த கணக்கு வாத்தியார். 'இந்தப் பொண்ணு தேறாது' என்று அம்மாவிடம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி. வரைந்து, அதன் மேல் கறுப்பு அடித்துணியைப் போட்டு, நாலு பக்கமும் டக், டக், டக்கென்று ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடுவாள். மேலே யாராவது வந்து அழுத்தி உட்காரட்டும், நன்றாக உட்காரட்டும்!

போன சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணன் என்ன செய்தான்? எல்லோர் முன்னாலும் சிரித்தான். "வேலை செய்யாம இருக்கிறதுக்கு இனிமே டாக்டர் சர்டிபிகேட்டே இருக்கு. நாலே எழுத்து! இவ ஆரம்பிப்பா, முடிக்கத் தெரியாது."

பம்பரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வார்த்தை தடித்தது. கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. ஒரு நாடக அரங்கத்திலிருந்து தைக்க வந்திருந்த முதல் வரிசை இருக்கைகள் பன்னிரண்டையும் அவள் ஒருத்தியே, ஒருவர் கையும் படாமல், அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் அண்ணனுடைய முன்னறை அவளுக்கு. முடிக்காவிட்டால் பட்டறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது. வாசலில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் சரி என்றார்கள். "வார்த்தை மாறக் கூடாது," என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று. இன்னும் ஐந்து இருக்கைகள் பாக்கி.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்.

"என்ன பம்பரம், மேசை பளிச்சுன்னு இருக்கு? திருந்திட்டியா?"

"என் பகடையை எங்க வச்ச?"

"எது, அந்தப் பஞ்சு பொம்மையா? சின்னப் பிள்ளைங்க சாமானுக்கெல்லாம் நான் பொறுப்பில்லம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சாட்சி. வேறு விசாரணை தேவைப்படவில்லை. இவனேதான்! ராத்திரியோடு ராத்திரியாக மேசையைத் துடைத்து, பகடையை ஒளித்து, என் காலை வாரிவிடப் பார்க்கிறான்!

"அதை விடு, இங்க வந்து பாரு," என்று வாசல் பக்கம் கை காட்டினான் அண்ணன். அங்கே புதிதாக ஒரு சின்ன மேசை, ஒரு போன், ஒரு நாற்காலி. 'வரவேற்பு' என்று ஒரு பலகை வேறு. "உனக்குத்தான். சீட்டுக்கு மெத்தைகூட நானே தச்சேன். நாள் பூரா உக்காரணும்ல?"

பம்பரம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். "ஓரத்து நாடா கோணல்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நடந்தவள் நேராக அலமாரிக்குப் போனாள். முதல் இழுப்பறையை உருவி மேசை மேல் கவிழ்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஆணியும் ஸ்பிரிங்கும் வெல்வெட்டும் கலந்து மலைபோல் குவிந்தன. ஆ, இப்போதுதான் மேசை மேசையாக இருக்கிறது!

பகடை இல்லாவிட்டால் என்ன? வயிறு எரிகிற எரிச்சலில் எந்த வேலையை எடுப்பது என்று யோசிக்கவே தேவையில்லாமல் போய்விட்டது. கை தானாக ஓடியது. பழைய உறையைப் பிரித்த வேகத்தில் தூசி எழும்பிக் கூரையைத் தொட்டது. அடிப்பலகையில் அண்ணனை வரைந்தாள்: அகலக் காது, மீசை, அந்தக் கேவலமான சிரிப்பு. டக், டக், டக். முகத்துக்கு நேராக இரண்டு கூடுதல் டக். அதில் பயன் ஒன்றுமில்லைதான். மனசுக்கு ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான்.

கற்பனை வேறு துணைக்கு வந்தது. அரங்கத்தில் நாடகம் தொடங்கும். கனத்த சரீரமுள்ள ஒரு பெரிய மனிதர் அசைந்து அசைந்து வந்து முதல் வரிசையில் தொப்பென்று உட்காருவார். மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். மறுநாள் வேறொருவர். வருஷக்கணக்காக! இதை நினைத்து நினைத்தே ஓர் இருக்கை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அதிலும் அண்ணன்தான், இந்த முறை பக்கவாட்டுத் தோற்றம், மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக.

மூன்றாவதை எடுத்து மேசையில் வைத்தபோது அம்மா படியிறங்கி வந்தாள். கையில் கிளிப் மாட்டிய ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

"இந்தாடி, உன் பொம்மை. இன்னும் காயலை. நீ தேடுவியேன்னு எடுத்துட்டு வந்தேன்."

பகடை! சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றாகக் கரைந்து, ஆறு பக்கமும் ஒரே சேற்று நிறத்தில், தண்ணீர் குடித்து உப்பிப்போய்க் கிடந்தது.

"அம்மா... இதை என்ன பண்ணின?"

"ராத்திரி உன் மேசையை ஒதுங்க வச்சேன்டி. இந்தக் குப்பைக்குள்ள பிள்ளை எப்படி வேலை செய்வா, நாளைக்கு அவ ஜெயிக்கணுமேன்னு ஒவ்வொண்ணா அடுக்கினேன். எனக்கு முதுகே போச்சு. இது ஒரே அழுக்கா இருந்துச்சு, துணியோட துணியா மெஷின்ல போட்டுட்டேன்." அம்மா மேசை மேல் குவிந்திருந்த மலையைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "எல்லாத்தையும் கலைச்சுட்டியா? ஏண்டி, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. நீ போய் ரெஸ்ட் எடு."

அம்மா மேலே போனாள். பம்பரம் சாக்கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அம்மா முகத்தை வரைய முடியுமா என்ன? அண்ணன் மேல் கோபத்தை மறுபடி மூட்டிப் பார்த்தாள். பற்றவில்லை. பாவி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் நிரபராதியாகப் போய்விட்டான்!

அதோடு நின்றது கை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, செய்ய ஆசையும் இருக்கிறது, சாயங்காலம் தோற்றுவிடுவோம் என்ற பயமும் இருக்கிறது. கை மட்டும் போக மாட்டேன் என்கிறது. வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறார்கள். உள்ளே இருப்பவளுக்கு அல்லவா தெரியும் அந்த நரகம்! ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அழுத்தினாள், விட்டாள். அழுத்தினாள், விட்டாள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவள் கால்கிட்டே வந்துவிட்டது.

"என்னாச்சு?" என்ற குரல் கேட்டது. அண்ணி, தோளில் ஒரு திரைச்சீலையோடு நின்றிருந்தாள்.

"தீந்துபோச்சு அண்ணி."

"எது?"

"கோபம்." பம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "காலையிலேர்ந்து அதுலதான் ஓடிட்டிருந்தேன். அண்ணன் பண்ணலையாம், அம்மாவாம். இப்ப எதை வச்சு ஓட்டுறது? பகடையும் போச்சு. மூணு பாக்கி. நான் போன் எடுக்கத்தான் லாயக்கு."

அண்ணி திரைச்சீலையைத் தோளிலிருந்து இறக்கினாள். ஈரப் பகடையை எடுத்துப் பிழிந்தாள். சேற்றுத் தண்ணீர் ஓடியது. பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, திரைச்சீலையை மடியில் விரித்து ஊசியில் நூல் கோத்தாள்.

"கோபம்தானே வேணும்? என்கிட்ட வாங்கிக்கோ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சேத்து வச்சிருக்கேன். உங்க அண்ணன் புண்ணியத்துல ஸ்டாக்குக்குக் குறைச்சலே இல்ல."

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பந்தயம் அண்ணி."

"நான் எதுக்குக் கை வைக்கணும்? என் வேலையை நான் பாக்கறேன். வாய்க்கு எவனும் தடை போடலையே." அண்ணி ஊசியை ஆட்டிக் காட்டினாள். "இங்க பாரு. நான் ஒரு கதை சொல்லுவேன். நல்ல கட்டம் வந்ததும் டக்குனு நிறுத்திடுவேன். நீ அந்தச் சீட்டுல கடைசி ஸ்டேப்ளர் அடிச்சாத்தான் மிச்சம். நின்னுக்கிட்டு செய், தரையில படுத்துக்கிட்டு செய், எந்த வேலையை முன்னால செஞ்சாலும் எனக்குக் கவலையில்ல. நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா சொல்லு, கால் கதை முன்பணமா தர்றேன்."

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்க."

"கல்யாணம் ஆகி முதல் தடவை வெளியூர் போறோம். வழியில பஸ் நிக்குது. உங்க அண்ணனுக்கு டீ வேணுமாம். நான் இறங்கி ரெண்டு டீ வாங்கிட்டுத் திரும்புறேன், பஸ் நகருது! ஜன்னல்ல உங்க அண்ணன். என்னைப் பாத்துட்டார். நல்லாவே பாத்துட்டார். பாத்துட்டு என்ன பண்ணினார் தெரியுமா?"

"என்ன பண்ணினான்?"

அண்ணி குனிந்து தையலில் மும்முரமாகிவிட்டாள்.

"அண்ணி!"

பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய உறையைப் பிரித்தாள். தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங் கட்டினாள். எழுந்து ஒற்றைக் காலில் நின்று ஃபோம் வெட்டினாள். மூலை மடிப்பு ஒத்து வராமல் இரண்டு தடவை பிரித்து, மூன்றாவது தடவை கத்தரியை எறியப்போனபோது, "பஸ்சை நிறுத்தச் சொல்லலை, அது மட்டும் இப்ப சொல்றேன்," என்றாள் அண்ணி. ஆத்திரத்தில் மூலை பிடிபட்டுவிட்டது. பலகையில் ஒரு பஸ் ஜன்னல், அதற்குள் அண்ணன். டக், டக், டக்.

"ம், சொல்லுங்க!"

"கையை ஆட்டினார். டாட்டா காட்டுறாப்பல! ரெண்டு கையிலயும் டீயோட நான் நிக்கறேன். அப்புறம் கேட்டா, 'கத்தினா டிரைவர் திட்டுவாரேன்னு பாத்தேன்'னாரு."

பம்பரம் இருக்கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். வயிறு வலித்தது. சிரித்து முடித்ததும் வயிற்றில் பழைய நெருப்பு நன்றாகப் பற்றிக்கொண்டிருந்தது.

"அதுல பாரு," என்றாள் அண்ணி, சிரிக்காமல். "பொண்டாட்டியையே வழியில விட்டுட்டுப் போனவர் எதை மறந்தாலும் அது வேலை டென்ஷன். நீ சாவியை மறந்தா அது வியாதி."

அடுத்த இருக்கைக்கு அடுத்த கதை. பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அண்ணி ராப்பகலாக உட்கார்ந்து தைத்த திரைச்சீலைகள். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வந்தார்கள். அண்ணனும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்போது அண்ணன் திரும்பி, அண்ணி காதோடு ஏதோ சொன்னான்...

"என்ன சொன்னான்?" 

அண்ணிக்கு மறுபடி காது கேட்காமல் போயிற்று.

நடுவில் அண்ணனே வந்து எட்டிப் பார்த்தான். "இங்க என்ன கூட்டம்? கை வைக்கக் கூடாதுன்னு பேச்சு!"

"கையெல்லாம் என் துணியிலதான் இருக்கு," என்றாள் அண்ணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க போங்க."

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டான். நம்பினான் போலிருக்கிறது! பம்பரம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக அடித்தாள். டக், டக், டக். முடிந்தது.

"'கொஞ்சம் தள்ளி நில்லு, திரை மறையுது'ன்னார். தள்ளி நின்னேன். இன்னும் கொஞ்சம்னார். நின்னேன். போட்டோவுல நான் இல்லவே இல்ல. அடியில அவர் பேரு, அவர் கைவண்ணம்னு."

இதற்குப் பம்பரம் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை.

கடைசி இருக்கை மேசைக்கு வந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. விளக்குப் போடும் நேரத்துக்கு, ஆர்டர் கொடுத்த நாடக அரங்கத்து அம்மாள் இருக்கைகளைப் பார்க்க வந்துவிடுவார்.

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "இதுல முகம் இப்பவே வரையாத. எல்லாம் முடிச்சு, அடித்துணி மட்டும் பாக்கி வை. இந்தக் கதைக்கு அப்புறம் நீயே வரைவ."

"என்ன கதை?"

"ஒரு நாள் நம்ம பட்டறைக்கு ஒரு போன் வந்துச்சு. உங்க அண்ணன் எடுத்தார். அந்தப் பக்கம் உன்னைத்தான் கேட்டாங்க."

"என்னையா? யாரு?"

அண்ணி ஊசியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். இந்த முறை அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

பம்பரம் அப்படி ஒரு வேலையை இதுவரை செய்ததில்லை. பிரித்ததும் கட்டியதும் வெட்டியதும் தைத்ததும் ஒரே மூச்சாக ஓடின. ஓரத்து நாடா ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. பக்கவாட்டு ஸ்டேப்ளர் அடித்து இருக்கையைக் கவிழ்த்து வைத்தாள். வெற்றுப் பலகை மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"கப்பல் அறைகளுக்கெல்லாம் இருக்கை செய்வாங்களே, அந்த ஸ்டூடியோ. சின்ன வயசுல நீ அங்க போய் ஒரு வாரம் வேலை செஞ்சு காட்டிட்டு வந்தியே."

பம்பரம் ஸ்டேப்ளரை மேசையில் வைத்தாள். அதை அவள் எப்படி மறப்பாள்? வாழ்நாளில் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த ஒரே வேலை அது. அண்ணன்தான் வந்து சொன்னான்: 'போன் பண்ணினாங்க. நீ வேண்டாமாம். ஆரம்பிக்கிறா, முடிக்கத் தெரியலைன்னு அந்தம்மா சொல்றாங்க.' வெளியாள் ஒருத்தி ஒரு வாரத்தில் கண்டுபிடித்துச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? அந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அதனாலேயே இந்த வரிசையின் முதல் இருக்கையில் அவள் வரைந்தது அந்த ஸ்டூடியோ அம்மாளின் முகத்தைத்தான்.

"அவங்க உன்னை வேண்டாம்னு சொல்லவே இல்ல," என்றாள் அண்ணி. "'இந்தப் பொண்ணு கை மாதிரி நாங்க பாத்ததில்ல, நாளைக்கே அனுப்புங்க'ன்னுதான் சொன்னாங்க. 'அவ ஆரம்பிப்பா, முடிக்கத் தெரியாது, வேற ஆளைப் பாத்துக்குங்க'ன்னு சொன்னது உங்க அண்ணன். போன சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையில அந்தச் சண்டை முடிஞ்சு ரூமுக்கு வந்து, அவரே என்கிட்ட பெருமையாச் சொன்னார். 'அன்னிக்கு நான் விட்டிருந்தா இவ அங்க போய்ட்டிருப்பா, பட்டறைக்கு ஆளில்லாம போயிருக்கும்'னு. ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலை."

பம்பரம் அழுவாள் என்று அண்ணி நினைத்திருக்க வேண்டும், கையை நீட்டினாள். பம்பரம் அழவில்லை. சாக்கட்டியை எடுத்து அண்ணனின் முகத்தை நிதானமாக வரைந்தாள். காதில் ஒரு போன். அடித்துணியைப் போட்டு மூடினாள். பன்னிரண்டும் முடிந்துவிட்டன. பந்தயம் ஜெயித்தாயிற்று.

ஆனால் அவள் உட்காரவில்லை. வரிசையின் அந்தக் கோடிக்குப் போய், முதல் இருக்கையைத் தூக்கி மேசையில் கவிழ்த்தாள். குறடை எடுத்து ஸ்டேப்ளர் கம்பிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, என்ன பண்ற? முடிஞ்சதை எதுக்குப் பிரிக்கிற?" அண்ணி பதறி எழுந்தாள். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க! விடு, அப்புறம் பாத்துக்கலாம்!"

"தப்பான ஆள் உள்ள இருக்காங்க அண்ணி."

அடித்துணி கழன்றது. ஸ்டூடியோ அம்மாளின் முகம் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பம்பரம் ஈரப் பகடையை எடுத்து அந்த முகத்தைத் துடைத்தாள். இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து, பதமாகத் துடைத்தாள். முன்னறையில் அண்ணனின் குரல் கேட்டது: "வாங்க மேடம், வாங்க. ஒரு சின்னத் தாமதம் இருக்கலாம், என் தங்கச்சி கொஞ்சம் அப்படித்தான்..."

சாக்கட்டி பறந்தது. காது, மீசை, போன். துணி. டக், டக், டக்.

கண்ணாடிக் கதவு திறந்தபோது கடைசி டக் விழுந்துவிட்டது.

அரங்கத்து அம்மாள் வளவளவென்று பேசுகிற ரகமில்லை. வரிசையாக ஒவ்வோர் இருக்கையிலும் உட்கார்ந்து, அசைந்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்திருந்தார். அம்மா படியிலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாவதிலிருந்து எழுந்த அம்மாள், "யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம். ஒருத்தியே."

"எங்களுக்கு இன்னும் ஒன்பது வரிசை இருக்கு. எல்லாத்தையும் நீங்களே செஞ்சு கொடுங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, சரி," என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டான் அண்ணன். "முன்னறை உனக்கு. பந்தயம்னா பந்தயம். ஆனா வாசல்ல போனுக்கு ஒரு ஆள் வேணுமே? மேசை எல்லாம் போட்டாச்சு..."

"அதுக்கு ஆள் இருக்கு அண்ணா," என்றாள் பம்பரம். "போன்ல நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆள்."

அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தான். அண்ணி திரைச்சீலையை மடித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ரொம்ப நேரமா நிக்கிறியே அண்ணா. உக்காரு." பம்பரம் முதல் இருக்கையைக் காட்டினாள்.

அத்தனை பேர் முன்னால் அவன் என்ன செய்வான்? உட்கார்ந்தான். தன் முகத்தின் மேல் தானே உட்கார்ந்தான்.

"வசதியா இருக்கா?"

"ம்... இருக்கு."

"அப்ப எழுந்திருக்காத. அண்ணி ஒரு கதை சொல்லப்போறாங்க. எனக்குத் துண்டு துண்டாச் சொன்னாங்க. உனக்கு முழுசா."

அண்ணி முக்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அப்பாவையும் அம்மாவையும் அரங்கத்து அம்மாளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு நாள் நம்ம பட்டறைக்கு ஒரு போன் வந்துச்சு..."

அண்ணன் கைப்பிடியை ஊன்றி எழப்போனான்.

"உக்காருடா," என்றார் அப்பா. "முடிச்சுட்டுப் போகலாம்."